எல்லா நிபந்தனைகளுக்கும் சம்மதம்

புத்தகத்தின் ஓரம் சீராக வெட்டப்பட்டிருந்தால்தான் வாங்குகிறவர் கையில் எடுப்பார். அப்பா காலத்திலிருந்து மைசூர் அக்ரஹாரத்தில் தமிழ் நாவல்கள் பதிப்பிக்கிறோம். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜீவிதாவின் நாவலை நானே கேட்டு வாங்கினேன். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஃபோனில் தொடர் எழுதுகிற பெண். வாசகர்கள் நேராக அவளுக்கே பணம் கட்டுகிறார்கள். எங்கள் ஒப்பந்தம் ஒரே பக்கம்: எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கு, என்றைக்கும். மற்றவர்கள் நின்றபடியே கையெழுத்துப் போடுவார்கள். அவள் உட்கார்ந்து படித்தாள். அடுத்த வாரம் தன் ஒப்பந்தத்தோடு வந்தாள்.

"காகிதப் புத்தகம் மட்டும் உங்களுக்கு சார், மூணு வருஷம். ஃபோன், ஆடியோ எல்லாம் எனக்கே. அஷ்டே, வேற ஒண்ணும் இல்ல."

"அப்போ எனக்கு என்னம்மா மிச்சம்?"

"ஓரம் வெட்டுற கூலி இருக்கே." சிரித்தாள். "கோச்சுக்காதீங்க சார். நீங்க இல்லாமயும் எனக்கு ஓடுது. அம்மா கையில புத்தகமாக் குடுக்கணும், அதுக்குத்தான்."

மற்ற எழுத்தாளர்களும் அவள் ஒப்பந்தத்தை நகலெடுத்துக் கொண்டுவரத் தொடங்கினார்கள். நான் கோபப்படவில்லை. அச்சு முடிந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"ரெண்டு கட்டைவிரல் போதும் சார்."

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் புத்தகக் கட்டை, எழுதியவரே வெட்டும் இயந்திரத்தில் வைத்துப் பிடிப்பார். அவர் கையை எடுத்ததும் நான் கைப்பிடியை இழுப்பேன்.

"அமுத்திப் பிடிம்மா, நழுவறது" என்றேன். அவள் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். நான் கைப்பிடியை இழுத்தேன். கத்தி நல்ல கூர். தாள் துண்டுகளோடு இரண்டும் தொட்டியில் விழுந்தன. அந்தக் கட்டு வீணாயிற்று. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவை நானே ஏற்றேன். இனி அவளுக்கு ஒரு பதிப்பாளர் தேவைப்படும் என்று காத்திருந்தேன். அவள் ஃபோனிடம் பேசத் தொடங்கினாள். அவள் சொல்ல, அது எழுதியது. வாசகர்கள் பெருகினார்கள்.

நேற்று, பழங்களோடு அவள் வீட்டுக்குப் பார்க்கப் போனேன்.

"இப்பத்தான் சார் சீக்கிரம் முடியுது" என்றாள். அவள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அவளுடைய அம்மா எனக்குக் காபி போட உள்ளே போனார்.

பைண்டிங் கத்தி பையில் இருந்தது. தாளைவிடத் தொண்டை எளிது. அவள் சத்தம் போடவில்லை. போட முடியாத இடத்தில்தான் வெட்டினேன். ஃபோன் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவளிடம் சொன்னதை அது எழுதிவிட்டது, அவள் தொடரில் நீங்கள் படித்திருப்பீர்கள். "எல்லாத்துக்கும் சம்மதம்மா."

அவள் கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அவள் மடியில் வைத்தேன். ஒரு வரிகூட அடிக்கவில்லை. எந்த எழுத்தாளருக்கும் நான் இவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை.