வண்டி நின்னா முழிச்சிக்குவாரு

சைக்கிள நிறுத்த முடியாது சார். கோச்சிக்காதீங்க, நீங்களும் பைக்க மெதுவா ஓட்டிகினு கூடவே வாங்க, சொல்றேன். ஆரன் மட்டும் அடிச்சிடாதீங்க.

பேரு தேவானை சார். வூடு மந்தவெளி. பின்னாடி கேரியர்ல சாஞ்சிகினு கீறவரு என் வூட்டுக்காரு, செம்பியன். குடிக்கல சார், ஊதச் சொல்லாதீங்க, முழிச்சிக்குவாரு. ஐயோ, பொணமும் இல்ல. முதுகுல சூடா மூச்சு வுட்டுகினு கீறாரு, எனக்குத் தெரியாதா? தூங்குறாரு, அவ்ளோதான்.

ஆமா, மூணாவது ரவுண்டுதான். கரெக்டா பாத்துகினு கீறீங்க. கிரீன்வேஸ் ரோட்டுல பெரிய மனுஷங்க வூடுங்க கீது, பள்ளம் இல்ல. வேற எங்க போனாலும் தூக்கித் தூக்கிப் போடுது.

சேஃப்டி எல்லாம் பாத்துதான் சார் ஓட்றேன். முன்னாடி டார்ச்சு கட்டிகீறேன். இவரு முதுகுல பாருங்க, செவப்பு லைட்டு. வெள்ளச் சட்டையும் அதுக்குத்தான், இருட்டுல கார்க்காரனுக்குத் தெரியணும்ல. சக்கரத்துல கால் மாட்டாம ரெண்டு பக்கமும் கம்பி வெச்சிகீது. ரெண்டு பேரு இடுப்பையும் சேத்து பழைய சேலையால கட்டிகீறேன். கல்யாணத்துல கூட இவ்ளோ இறுக்கிக் கட்டல.

ஸ்பீடா? அதான் சார் முக்கியம். வேகமா மிதிச்சா ஸ்பீட் பிரேக்கர்ல முழிச்சிக்குவாரு. ரொம்ப மெதுவா போனா ஹேண்டில் ஆடும், அதுக்கும் முழிச்சிக்குவாரு. நடுவுல ஒண்ணு கீது. எனக்கு மூச்சு வாங்கக் கூடாது, பேசிகினே மிதிக்க முடியணும். இப்ப போறோமே, இதேதான்.

வூட்ல ஏன் தூங்கலன்னா, எங்க தெரு முனைல ராத்திரி பூரா மெஷின் போட்டு நோண்டுறாங்க சார். செவுரே அதிருது. ரெண்டு மாசமா கண்ணு மூடல இவரு. மாத்திர போட்டா மறுநாள் மந்தமா கீதுன்றாரு. ஒரு நாளு என் தங்கச்சி வூட்லேர்ந்து இவர பின்னாடி டபுள்ஸ் வெச்சிகினு வந்தேன், பொத்துனு முதுகுல தல வந்து வுழுந்துச்சு. கொறட்ட வேற. அன்னிலேர்ந்து சாப்ட்டுட்டு தெனம் வந்து சுத்துறோம். ரெண்டு மணி நேரமாவது தூங்கினா காலைல தெளிவா எழுந்துக்குறாரு.

கேஸ் போடணுமா? போடுங்க சார், விடிஞ்சதும் ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். இப்ப இவர எழுப்பாதீங்க. காலைல இவரு ஸ்கூல் வேன் எடுக்கணும்.

ஆமா சார், புள்ளைங்கள ஏத்திகினு போற வேனுதான். போன வாரம் அடையாறு சிக்னல்ல பச்ச வுழுந்தும் வண்டி நவுரல. பின்னாடி கீற பாப்பா ஒண்ணு தோளத் தட்டி, அங்கிள் பச்ச போட்டாச்சு, எழுந்திரிங்கன்னுச்சாம். வூட்டுக்கு வந்து சொல்லிட்டு அழுவுறாரு. லீவு கேட்டா வேற ஆளப் பாத்துக்குறேன்றாரு ஓனரு. நின்ன வண்டில தூங்குனாரு, சரி. ஓடற வண்டில தூங்கிட்டா?

உங்க புள்ளைங்க எதுல போறாங்க சார், வேன்லயா?

சரி சார். சரி. முன்னாடி போங்க, உங்க லைட்டு ரோட்டுல நல்லா வுழுது. ஸ்பீடு மட்டும் இதே இருக்கட்டும்.