தங்கராஜின் கையெழுத்து

யார் வீட்டில் டீ கொடுத்தாலும் நான் வேண்டாம் என்று சொன்னது கிடையாது. நிக்டியில் எங்கள் தொழிலாளர்கள் குடியிருந்த தெருக்களில் இஞ்சி தட்டிப் போட்டது, ஏலக்காய் போட்டது, சர்க்கரை பாகாய் இறங்கியது என்று எல்லா டீயும் குடித்திருக்கிறேன். மனிதர்களோடு பழகுவது எனக்குப் பிடிக்கும். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

என் பெயர் ருக்மிணி. புனேயில் பிம்ப்ரி பக்கம் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். நடந்ததையெல்லாம் போலீசிடம் மராத்தியில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவர்கள் அதைப் படித்துக் காட்டியபோது எல்லாமே குற்றம் மாதிரி தொனித்தது. என் மராத்தி அத்தனை நயமானது அல்ல. அதனால் ஒரு தடவை தமிழிலும் சொல்லிவிடுகிறேன்.

2001இல் மும்பையிலிருந்து டை கட்டிய பையன்கள் சிலர் வந்து தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு ரீஸ்ட்ரக்சரிங் என்ற வார்த்தை கேன்டீன் வரை வந்துவிட்டது. பாதிப் பேர் போக வேண்டும். சட்டப்படி விரட்ட முடியாது, ஆகவே விருப்ப ஓய்வு, வி.ஆர்.எஸ். விருப்பம் தொழிலாளிக்கு வர வேண்டும். அதை வரவழைப்பது என் பொறுப்பு. இதை முடித்துக் கொடுத்தால் புதிய அமைப்பில் எனக்கு இடம் உண்டு என்று ஜெனரல் மேனேஜர் சொன்னார். அதற்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம்.

ஆண்களிடம் பேசிப் பயனில்லை என்று சீக்கிரமே புரிந்தது. ஷிஃப்டில் அவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். ஒருத்தியிடம் புருஷனுடைய முதுகுவலியைப் பற்றிப் பேசுவேன். இன்னொருத்தியிடம் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி. எதுவும் எடுபடாத இடத்தில், அடுத்த வருஷம் தொழிற்சாலையையே மூடப்போகிறார்கள், காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்பேன். அப்போது அது உண்மையில்லை. பிறகு உண்மையாகியிருக்கலாம், யார் கண்டது.

கையெழுத்துகள் விழுந்தன. போனவர்களில் சிலர் ஆட்டோ வாங்கினார்கள். ஒரே தெருவில் மூன்று பேர் எஸ்.டி.டி. பூத் வைத்து, மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பணத்தை மைத்துனனிடம் கொடுத்துவிட்டுக் குடிக்க ஆரம்பித்தார், மனைவி ஊருக்கே போய்விட்டாள். இன்னொருவர் காண்ட்ராக்டர் மூலமாக எங்கள் கேட்டிலேயே வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். அவர் எனக்கு சல்யூட் அடிப்பார். நானும் நின்று குடும்பத்தை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

தங்கராஜ் மட்டும் மசியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கியர் வெட்டும் மெஷினில் பல வருஷ ஆப்பரேட்டர், யூனியன் கமிட்டியிலும் இருந்தார். சத்தம் போடுகிற ஆளில்லை.

"மேடம், எனக்கு வேற தொழில் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டா என் பின்னால நிக்கவன் எல்லாரும் போட்டுருவான். அதான் போடல," என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த லைனில் இருந்த நாற்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் மனைவி ஆரோக்கியமேரி என்னை முதலில் மேடம் என்றாள். சீக்கிரத்தில் அக்கா என்றாள். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"அக்கா, அவுக எதுக்கும் பயப்படாதவுக. ஒரு விஷயத்துக்குத்தான் பயப்படுதாக. அவுகளுக்கு வலிப்பு உண்டும். மாத்திரை போடுததால வருசக்கணக்கா வரல. ஃபாக்டரிக்குத் தெரிஞ்சா மெஷின விட்டு எறக்கிருவாங்க. இங்கன மெடிக்கல்ல வாங்கவும் பயமாருக்கு, கடைக்காரன் மச்சான் உங்க கம்பெனிலதான் இருக்கான்."

"இதுக்கா கவலைப்படறே? சனிக்கிழமை நான் எப்படியும் புனே கேம்ப் பஜாருக்குப் போவேன். அங்கே வாங்கிண்டு வந்து தரேன்," என்றேன்.

கேம்பில் இஸ்மாயில் பாய் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். சின்ன பாட்டிலில் வெள்ளை மாத்திரை. மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயத்தை மேலிடத்தில் சொல்லியிருந்தால் ஒரே நாளில் தங்கராஜை அனுப்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஒரு பெண் நம்பி ஒன்றைச் சொன்னால் அதை வெளியே விடுகிற வழக்கம் எனக்கு இல்லை. துரோகம் எனக்கு ஆகாது.

ஆகவே அடுத்த பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு, அதே அளவில் கால்சியம் மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்தேன். என் கணக்கு எளிமையானது. கேன்டீனிலோ கேட்டிலோ நாலு பேர் எதிரில் ஒரு தடவை விழுவார். கம்பெனி டாக்டர் பார்ப்பார். உடம்புக்கு முடியாதவர் என்று மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டதாக அவருக்கும் கெட்ட பெயர் வராது. யார் மேலும் பழியில்லை. இதைவிடப் பக்குவமாக அந்தப் பிரச்சினையை வேறு யாரும் தீர்த்திருக்க முடியாது.

கொஞ்ச நாளில் மேரி முகம் வாடிப்போய் வந்தாள்.

"கண்ணு முன்னால மின்னுதுங்காக. பழையபடி வரப்போற மாதிரி இருக்காம். ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கிடுதாக. போடலாமாக்கா?"

"போடட்டும். ஒண்ணும் பண்ணாது," என்றேன்.

அது பொய் இல்லை. கால்சியம் எலும்புக்கு நல்லது.

அவர் கேன்டீனில் விழவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அதன் மேலேயே விழுந்தார். அந்த மெஷினை நிறுத்தினாலும் உடனே நிற்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான்தான் மேரியிடம் போய்ச் சொன்னேன். அடக்கம் முடியும்வரை கூடவே இருந்தேன். நோயை மறைத்து வேலை பார்த்தார் என்று கம்பெனி வக்கீல் இழப்பீட்டை இழுத்தடித்தபோது, அலைந்து திரிந்து ஒரு பகுதியை வாங்கிக் கொடுத்தவள் நான். கேன்டீன் காண்ட்ராக்டரிடம் அவளுக்குப் பாத்திரம் கழுவும் வேலையும் நான்தான் பேசி முடித்தேன்.

அவருக்குப் பின்னால் நின்ற நாற்பது பேருக்கும் மனசு விட்டுப்போயிற்று. அந்த மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் வெல்ஃபேர் பிரிவு தேவையில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டேன். முதிர்ச்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மேரிக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. மீதியிருந்த பாட்டிலைச் சர்ச்சில் வலிப்பு நோய் உள்ள ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். கையிலிருந்தது தீர்ந்துபோன அந்தப் பெண் அதை நம்பிப் போட்டுக்கொண்டு அடுப்படியில் விழுந்து, கையைச் சுட்டுக்கொண்டாள். டாக்டர் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். இது அந்த மாத்திரையே இல்லை என்றுவிட்டார்.

மேரி நேரே என்னிடம்தான் ஓடிவந்தாள்.

"அக்கா, அந்த பாய் நம்மள ஏமாத்திட்டான்க்கா. அவுகளக் கொன்னுட்டான்."

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் இருந்த நிலையில் எதையும் தாங்கியிருக்க மாட்டாள்.

இஸ்மாயிலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடையை மூடவைத்தார்கள். வாய்தாவுக்கெல்லாம் மேரியை நானே கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் அழுதால் தோளில் சாய்த்துக்கொள்வேன். நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் கோந்த்வாவில் இஸ்மாயிலின் வீட்டுக்குப் போய் அவர் மனைவி ஷபானாவைப் பார்த்தேன். வக்கீல் செலவுக்காகக் கடையை விற்றாகிவிட்டது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாகிவிட்டது என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிரபராதி கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய், மாத்திரையை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

போன வாரம் என்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனபோது அங்கே மேரியைப் பார்த்தேன். பழைய நீலப் புடவையில் வந்திருந்தாள், இளைத்துவிட்டாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர்ப்பக்கம் போய் நின்றாள். அத்தனை பிரியமாக இருந்தவள். பாவம், யாரோ வீடு தேடிப் போய் அவள் மனசைக் கலைத்திருக்கிறார்கள்.