போதும்பொண்ணு

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பட்டுப்புடவை கட்டியவரின் மடியில் பலகாரப் பை இருந்தது.

"எனக்குப் போதும்பொண்ணுன்னு பேரு வச்ச பிறகும் எங்கப்பாவுக்கு ரெண்டு பொண்ணு பொறந்துச்சு. அப்புறம்தான் தம்பி" என்றார் அவர்.

"அதான் வேலையில எல்லாரும் உங்களைப் பொண்ணுன்னு கூப்பிடுறாங்களாக்கா?"

"ஆமா. முழுப் பேரு ஐசியில, அந்த அடையாள அட்டையில மட்டும்தான் இருக்கு."

"தங்கச்சிங்களுக்கு என்ன பேரு?"

"கீதா, மாலா. அதுக்குள்ள அப்பா சலிச்சுப் போயிட்டாரு லா."

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"நம்ம கிச்சன்ல சீனக்கா லாய் டி இருக்காங்கல்ல, அவங்க பேருக்குச் சீனத்துல தம்பி வரணும்னு அர்த்தமாம்."

"வந்தானா?"

"வரல. அவங்கதான் கடைசி."

இளையவர் பலகாரப் பையைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பேரு வைக்கிற விசேஷம் நல்லபடியா நடந்துச்சாக்கா?"

"நடந்துச்சு. தம்பிக்கு இது மூணாவது பொண்ணு. 'அத்தை பேரையே வச்சிடலாமே'ன்னு யாரோ சிரிச்சாங்க. தம்பி பொண்டாட்டி தலையைக் குனிஞ்சுக்கிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. அத்தைதானே காதுல பேரு சொல்லணும்? பிள்ளையை மடியில வாங்கி, அப்பா அம்மா வச்ச பேரை மூணு தடவை சொன்னேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

"அப்புறம் யாருக்கும் கேக்காம, 'நீ எங்களுக்கு வேணும்டி'ன்னு ஒரு தடவை சொன்னேன்."