மகள்கள் சுமந்த பெட்டி

அவிநாசி போகும் பஸ்ஸில் கேசட் பாட்டு நின்றபோதுதான், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்து அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"எங்கப்பா தறிகளுக்கும் சேத்து ஞாயித்துக்கிழமை லீவு உட்ருவாருங்க."

"ஆர்டர் அவசரம்னாலுங்களா?"

"யாரு வந்து நின்னாலும் சர்ச்சுக்குப் போயிட்டு வந்துதான் பேச்சுங்க. எங்கம்மாவையும் எங்க நாலு பொண்ணுகளையும் முன் வரிசைல உக்கார வெச்சுக்குவாரு. தோட்டத்துக் கூலியா இருந்தவருங்க. கருமத்தம்பட்டில ரெண்டு தறி போட்டு, அப்பறம் பெரிய தறி ஷெட்டே கட்டிப்போட்டாரு. நூல் வாங்கறது, துணி விக்கறது எல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. பையனில்லாம தொழில் எப்படி நிக்கும்னு பெரியப்பா கேட்டுட்டே இருப்பாரு."

"அப்பா நல்லா இருக்காருங்களா?"

"போன மாசம் தவறிட்டாருங்க. பெட்டியத் தூக்க நாங்க நாலு பேரும் போய்க் குனிஞ்சோம். பொம்பளைக தூக்கக் கூடாதுன்னு பெரியப்பா மறிச்சாரு. பெட்டிகிட்ட உக்காந்திருந்த எங்கம்மா எந்திரிச்சு வந்து, 'உங்கப்பனத் தூக்குங்க அம்மணி'ன்னுச்சு."

"தூக்குனீங்களா?"

"கல்லறை வரைக்கும் நாங்களேதானுங்க. அழுகை நின்னுபோச்சு. அவ்வளவு பெருமையா இருந்துது. பாதி வழில சந்தைக் கூட்டம் ரோட்ட அடைச்சுட்டு நின்னுது. யாரோ முன்னால ஓடுனாங்க. பாத்தா, எங்க பெரியப்பா. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, 'ஒதுங்குங்க, ஒதுங்குங்க, எங்கூட்டுப் புள்ளைக வாராங்க'ன்னு வழி பண்ணிட்டுப் போறாருங்க."