முன் சீட்டு

மெகராஜ்: 'மலை ஏறுனா ஒனக்கு வாந்தி வருமா?' இதான்டி ஒங்கண்ணன் எங்கிட்டக் கேட்ட மொதக் கேள்வி. கல்யாணமாகி மூணாம் நாளு.

அசீனா: பொய் சொல்லாதீக மதினி. புதுப் பொண்ணுகிட்டப் போயி வாந்தியப் பத்தியா கேப்பாக?

மெகராஜ்: டூரிஸ்ட் வேன் ஓட்டுற ஆளு வேற என்னத்தக் கேப்பாக? பேரையா? பேருதான் பத்திரிகையிலயே போட்டிருந்துச்சே.

அசீனா: நீங்க என்ன சொன்னீக?

மெகராஜ்: மலையெல்லாம் எதுக்கு, எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி ஒங்க ராஜபாளையத்துல எறங்குறதுக்குள்ளயே வந்துரும்னேன்.

அசீனா: அய்யய்ய...

மெகராஜ்: சிரிச்சாக பாரு ஒரு சிரிப்பு. 'அப்ப முன் சீட்டு ஒனக்குத்தான். வாந்தி வர்ற ஆள டிரைவர் பக்கத்துலதான் ஒக்கார வைக்கணும், அது எங்க தொழில் சட்டம்'னாக.

அசீனா: சட்டமா? ஆளப் பாரு. அண்ணன் மனசுல இருந்தது வேற சட்டம்.

மெகராஜ்: ஏட்டி! எட்டாங் கிளாசோட நின்ன புள்ளைக்கு வாயப் பாரு. வெளியாளு வந்து ஒரு சொம்பு தண்ணி கேட்டாக் கதவுக்குப் பின்னாடி போயி நிப்ப. எங்கிட்ட மட்டும்...

அசீனா: நீங்க வெளியாளா?

மெகராஜ்: ம். சரி, நம்ம போகப்போற டூருல எங்க விட்டோம்?

அசீனா: போடிமெட்டு. பிள்ள பொறந்து நாப்பது கழிஞ்சாச்சு. அண்ணன் சவூதியில இருந்து லீவுல வந்தாச்சு. எல்லாரும் வேன்ல ஏறி, கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி எல்லாம் தாண்டியாச்சு. நீங்க இன்னும் வாந்தி எடுக்கல.

மெகராஜ்: அல்ஹம்துலில்லா.

அசீனா: போடிமெட்டு ஏறுனா மூணாறு. அங்க மேகம் சன்னல் வழியா ரூமுக்குள்ளயே வந்துருமாம். பொறவு தேக்கடி. போட்டுல போனா யானை தெரியும். அப்பறம் குட்டிக்கானம், புனலூரு, தென்மலை, செங்கோட்டை... குத்தாலத்துல குளிச்சிட்டு வீடு.

மெகராஜ்: எம்புட்டுச் சுத்து! ஏறுன வழியிலயே எறங்குனா என்ன?

அசீனா: கூடாதுல்ல. அண்ணன் சொல்லும்... 'டூர் வண்டி சுத்தித்தான் வீடு சேரணும். போன வழியிலயே திரும்பி வர்றவன் மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போய்ட்டு வர்றவன்'னு...

மெகராஜ்: ஸ்ஸ்...

அசீனா: என்ன மதினி? ஏன் வயித்தப் பிடிக்கிறீக?

மெகராஜ்: ஒண்ணுமில்ல. வயித்துல உதைக்கி. அதுவும் மூணாறுக்கு வருதாம்.

மாமி: அசீனா! ஒஞ் சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்குது. மதினிய ரொம்பப் பேச வைக்காத. டாக்டரம்மா என்ன சொல்லிவிட்டாக?

அசீனா: நான் ஒண்ணும் பேச வைக்கலம்மா. டூருக்கு வழி போட்டுக்கிட்டு இருக்கோம்.

மாமி: ...போடுங்க, போடுங்க. சிரிச்சுக்கிட்டு இருந்தாச் சரி.

மெகராஜ்: மாமி, செத்த நேரம் மொட்ட மாடிக்குப் போயிட்டு வரட்டா? மலை தெரியுதான்னு பாக்கணும்.

மாமி: வேண்டாம்த்தா. எட்டு மாசத்துல படி ஏறக் கூடாது.

மெகராஜ்: அப்ப வாசல் வரைக்கும்?

மாமி: வாசல்ல வெயிலு.

மெகராஜ்: தூறல்ல விழுகுது மாமி.

மாமி: ...அதான், ஈரம். வழுக்கி விட்டுரும். பால் காயுது, கொண்டாரேன். கெட.

மெகராஜ்: வெயிலும் ஆகாதாம், மழையும் ஆகாதாம்.

அசீனா: அம்மாவுக்குப் பயம் மதினி. போன தடவ மாதிரி ஆயிரக் கூடாதுல்ல.

மெகராஜ்: போன தடவ... எங்கத்தா மௌத்தாப் போனாகன்னு வாசல்ல நின்னே கத்துனானே எந் தம்பி. உள்ள வந்து ஒக்காந்து சொல்லக் கூடாதா? அன்னைக்கு ராத்திரியே வயித்துல இருந்தது போச்சு. அஞ்சு மாசம்.

அசீனா: அதெல்லாம் இப்ப எதுக்கு மதினி? இந்தப் பேண்டேஜ் சுருள எங்கிட்டக் குடுங்க, நான் சுத்துறேன். சுருள எடுக்கச் சத்திரப்பட்டிக்காரரு நாளைக்கு வந்துருவாரு.

மெகராஜ்: இருக்கட்டும். கை சும்மா இருந்தா மனசு சும்மா இருக்காது. இந்தா, தெருவுல மாடத்தி சத்தம். கூப்பிடு, ரெண்டு மொழம் மல்லி வாங்குவோம்.

அசீனா: வேண்டாம்... அந்த வாசம் ஒங்களுக்குக் கொமட்டும்.

மெகராஜ்: கொமட்டுற மாசமெல்லாம் எப்பவோ போச்சு. முன்னயெல்லாம் நம்ம வீட்டு நடையில கூடைய எறக்கி வச்சுட்டு, 'சவூதிக்காரர் பொண்டாட்டிக்கு ஒரு மொழம் கூட'ன்னு சத்தம் போடுவா. இப்ப நம்ம வாசல்ல வந்ததும் கொரல அடக்கிக்கிட்டு ஓடுதா. அவளுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?

அசீனா: அவளுக்கு... வேற தெருவுல ஏவாரம் இருக்கும்.

மெகராஜ்: இருக்கும், இருக்கும். சரி, ஒங்கண்ணன் வெள்ளிக்கிழமை போன் பண்ணுனாகளா?

அசீனா: ம்... பண்ணுச்சு. அத்தா கடைக்கு.

மெகராஜ்: யாரு பேசுனது?

அசீனா: நாந்தான்... அத்தாவும்.

மெகராஜ்: என்ன சொன்னாக?

அசீனா: மூணாறுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வைக்கச் சொல்லுச்சு. ஒங்கள நல்லாச் சாப்பிடச் சொல்லுச்சு.

மெகராஜ்: கொரல் எப்படி இருந்துச்சு?

அசீனா: கொரலா? கொஞ்சம்... சளி பிடிச்ச மாதிரி.

மெகராஜ்: அந்த வெயில்ல சளியா?

அசீனா: ஏசி ரூம்ல இருக்குல்ல.

மெகராஜ்: ஆமா... சவூதியில லாரி ஓட்டுறவுகளுக்கு ஏசி ரூமு. பேசிப் பதிஞ்ச கேசட்டு ஒண்ணும் குடுத்து விடலையா?

அசீனா: ஊருக்கு வர்ற ஆளு யாரும் சிக்கலையாம். மதினி, அத விடுங்க. வண்டியில யாரு யாரு எங்கங்க ஒக்கார்றதுன்னு போடுவோம்.

மெகராஜ்: போடு.

அசீனா: நடு சீட்டுல அத்தாவும் அம்மாவும். பின்னால நானும் ஒங்க அம்மாவும். முன் சீட்டுல நீங்க, மடியில பிள்ள. டிரைவரு நம்ம வேன் ஸ்டாண்டு பொன்னுராஜ் அண்ணன். அம்புட்டுத்தான்.

மெகராஜ்: டிரைவரு யாரு?

அசீனா: பொன்னுராஜ் அண்ணன். மலைப் பாதையெல்லாம் அதுக்கு...

மெகராஜ்: ஒங்கண்ணன் எங்க? லீவுல வந்துட்டாகன்னு சொன்னியே. வண்டியில எடமே போடலையே அவியளுக்கு.

அசீனா: அது... மறந்துட்டேன் மதினி. அண்ணன் அலுத்துப் போயி வருமுல்ல. அது எதுக்கு ஓட்டணும்னு... நடு சீட்டுல... அத்தா பக்கத்துல...

மெகராஜ்: ஒங்கண்ணனா? அடுத்தவன் ஸ்டீரிங்கப் பிடிக்க, நடு சீட்டுல ஒக்காந்து வேடிக்க பாப்பாகளா? போடிமெட்டுலயா?

அசீனா: பாக்காது...

மெகராஜ்: ஏன்டி கண்ணத் தொடைக்க?

அசீனா: பேண்டேஜ் பஞ்சு... தூசி விழுந்துருச்சு.

மெகராஜ்: இங்க வா. கிட்ட வா. முந்தானையில ஊதி ஒத்தடம் குடுக்கேன். அழுவாத.

அசீனா: நான் அழுகல.

மெகராஜ்: சரி, அழுகல. நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு முன் சீட்டு வேண்டாம். பின்னால ஒம் பக்கத்துல ஒக்காந்துக்கிடுதேன்.

அசீனா: வாந்தி வருமே மதினி.

மெகராஜ்: வந்தா வரட்டும். அவிய ஓட்டுனா முன் சீட்டு. பொன்னுராஜ் பக்கத்துல நான் எப்படி ஒக்கார்றது?

அசீனா: அண்ணன்தான் ஓட்டும். நான் மாத்திப் போடுறேன். இந்தா மாத்திட்டேன், மதினி. அண்ணன்தான் டிரைவரு...

மெகராஜ்: அசீனா.

அசீனா: ம்.

மெகராஜ்: ஏழாம் மாசம் எங்கம்மா வந்து என்னய ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். தலப்பிரசவம் தாய் வீட்டுலதான. வந்தாக. எப்ப வந்தாலும் பால்கோவா பொட்டலத்தோட வர்றவுக, வெறுங்கையோட வந்தாக. எம் மொகத்தப் பாக்காமலே பேசுனாக. 'பிரசவம் இங்கனயே இருக்கட்டும்'னுட்டு அடுத்த பஸ்ஸுக்கே போயிட்டாக.

அசீனா: அங்க வீடு வசதி பத்தாதுன்னு...

மெகராஜ்: நான் பொறந்து வளந்த வீடுடி அது. அன்னைக்கு மறுநாளு மாமி வந்து, 'கருகமணி நூலு நைஞ்சு கெடக்கு, கோத்து வாங்கியாரேன்'னு, கல்யாணத்தன்னைக்குக் கட்டுனத என் கழுத்துல இருந்து கழட்டுனாக. நூலு நையல. போன பெருநாளைக்குத்தான் ஒங்கண்ணன் கோத்துக் குடுத்துட்டுப் போனாக.

அசீனா: ஆசாரி கடையில கூட்டம்...

மெகராஜ்: அது இன்னும் திரும்பி வரல. பொறவு கலர்ச் சேலையெல்லாம் மடிச்சு உள்ள வச்சாக. இந்த வெள்ளை வாயில் சேலைய எடுத்துக் குடுத்து, 'கட்டிக்க, ஒடம்புக்குக் குளிர்ச்சி'ன்னாக.

அசீனா: மதினி, வேண்டாம்... டாக்டரம்மா...

மெகராஜ்: எனக்கு ஒண்ணும் ஆகாது. வயித்துல கை வச்சுப் பாரு. நல்லா உதைக்கி. இது அவிய பிள்ள, வண்டி குலுங்குனாலும் கெட்டியாப் பிடிச்சுக்கிடும்.

அசீனா: அப்ப ஒங்களுக்கு...

மெகராஜ்: அம்புட்டையும் வேற வேறன்னு நெனச்சு மனசச் சமாதானம் பண்ணிருப்பேன்டி. ஒண்ணே ஒண்ணுதான் முடியல. அஞ்சு நேரமும் மாமி தொழுது முடிச்சுக் கையேந்துனா, 'யா அல்லா, எம் மகனுக்கு நீண்ட ஆயுசக் குடு'ன்னு சத்தமாக் கேப்பாக. தெருவுக்கே கேக்கும். இப்பக் கையேந்துறாக. ஒதடு மட்டும் அசையுது. எங்கிட்ட ஆயிரம் பொய் சொல்லுவாக, பாவம். அல்லாகிட்ட எப்படிச் சொல்லுவாக?

அசீனா: ...மதினி.

மெகராஜ்: சொல்லு.

அசீனா: இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டா எங்கூட டூரு போட்டீக? தெனமும்? தேக்கடியில என்ன சாப்பிடுறது, குத்தாலத்துல எந்த அருவியில குளிக்கிறதுன்னு...

மெகராஜ்: அவிய சொல்லிக் குடுத்ததுதான். 'வாந்தி வந்தா டயரப் பாக்காத, கிட்டத்துல எதையும் பாக்காத. தூரத்துல இருக்க மலையப் பாத்துக்கிட்டே இரு, ஏறிரலாம்'னாக. பாத்துக்கிட்டே இருந்தேன். நம்ம போட்ட டூருல இம்புட்டு நாளும் அவியதான வண்டி ஓட்டுனாக? இன்னைக்குத்தான் நீ எறக்கி விட்டுட்ட.

அசீனா: நான் வேணும்னு செய்யல மதினி... தெரியாம...

மெகராஜ்: தெரியும்டி. நீயும் எம்புட்டு நாளுதான் பொத்தி வைப்ப.

அசீனா: மதினி... அம்மா. நிலைப்படியில நிக்கிது. பால் டம்ளரோட. எப்ப வந்துச்சுன்னு தெரியல...

மெகராஜ்: தெரியும். 'ஆயுசு'ன்னு சொன்னப்பவே வந்துட்டாக. மாமி, உள்ள வாங்க. பயப்படாதீக, நான் நல்லாத்தான் இருக்கேன். சேதியச் சொன்னா பிள்ள போயிரும், சொல்லலன்னா மார்க்கம் தப்பிரும்னு தவிச்சுப் போயிட்டீக. அதான் நானறியாமலே, புருசன் மௌத்தானவ இருக்குற இத்தாவுல என்னய வச்சீக. வாசலத் தாண்ட விடாம, பூ வைக்க விடாம, புருசன் வீட்ட விட்டு அனுப்பாம... எனக்கு ஒரு கொறையும் இல்ல. கருகமணியக் கழட்டுன அன்னைக்கே நானும் மனசுக்குள்ள நிய்யத்து வச்சுட்டேன் மாமி. பிள்ள பொறக்குற வரைக்கும் அவியளுக்காக இத்தா இருக்கேன்னு. நீங்க ஒரு நாளுகூடத் தப்ப விடல. நானும் விடல.

அசீனா: அம்மா... எங்கம்மா போற? டம்ளர வச்சுட்டு அப்படியே திரும்புனா எப்படி? மதினிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா... அம்மா!

மெகராஜ்: மறிக்காத அசீனா, போகட்டும். எங் காதுல விழுந்துருமோன்னு முந்தானைய வாயில அடச்சுக்கிட்டே திரிஞ்சாக இம்புட்டு நாளும். பெத்த மகனுக்கு இன்னைக்காவது சத்தம் போட்டு அழட்டும்.