உமாசுதனின் பிஸ்டல்

புதுக்கடையில் வழக்காடுவதைவிடக் கார் நிறுத்துவதுதான் பெரிய பாடு. இரண்டு மூன்று தரம் சுற்றிவிட்டு, கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் விட்டிருக்கிறேன். முதலாளியோடு சிங்களத்தில் நாலு வார்த்தை நயமாகக் கதைத்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். வெள்ளவத்தையில் இத்தனை காலம் பல் பிடுங்கியவனுக்கு ஆட்களைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் இருக்குமா.

நீங்கள் போனில் பதிவு செய்வதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, அருந்ததி. மேசையிலேயே வையுங்கள். நீங்கள் அழகுமுத்துவின் சட்டத்தரணி. உமாசுதனை அவன் சுடவில்லை என்று நம்புகிறீர்கள். அவன் சுடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் முடிவைச் சொன்னால் என்னைப் பற்றிப் பிழையான எண்ணம் வந்துவிடும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றின் செயலாளர். சவுந்தரநாயகம் என்ற பெயரோடு அந்தக் கதிரையில் ஒருவர் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. யுத்தகாலத்தில் என் பையைச் சோதனைச் சாவடியில் திறந்து, பல் பிடுங்கும் குறட்டை வெளியே எடுத்து, இது என்ன, எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தமிழன் பிஸ்டல் லைசன்ஸ் கேட்டு விண்ணப்பிப்பதென்றால் யோசித்துப் பாருங்கள். எத்தனையோ கந்தோர் ஏறி இறங்கினேன். எத்தனையோ பேருக்கு முன்னால் கைகட்டி நின்றேன். கடைசியில் தந்தார்கள். அன்றைக்கு நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அது துப்பாக்கிக்காக வந்த அழுகை இல்லை. இவனை நம்பலாம் என்று ஓர் அரசாங்கம் முத்திரை குத்தித் தந்ததே, அதற்காக.

உமாசுதன் என்னிடம் பல் காட்ட வந்தவன். மென்பொருள் கம்பனியில் வேலை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பாமன்கடையில் மனைவி உஷாந்தியோடு ஒரு மாடிவீட்டில் இருந்தான். சுடுவதைப் பற்றிக் கதை வந்தது. ஒருநாள் கழகத்துக்குக் கூட்டிப் போனேன். முதல் நாளே மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. இரண்டு வருஷத்துக்குள் தேசியப் போட்டியில் பதக்கம் எடுத்தான். அவனுடைய லைசன்ஸுக்குப் பிணை நின்றது நான்.

உஷாந்திக்கு மட்டும் விருப்பமில்லை. ஒருமுறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டாள்.

"விளையாட்டுச் சாமானெண்டா ஏன் டொக்டர் அதை இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கவேணும்? பட்மின்டன் மட்டையை ஒருத்தரும் பூட்டி வைக்கிறேல்லையே."

"காரும்தான் ஆளைக் கொல்லும், பிள்ளை. அதுக்காகக் காரைத் தடைசெய்யிறதே?"

"கார் ஆளைக் கொல்லச் செய்த சாமான் இல்லை," என்று சொல்லிவிட்டுச் சொதியை ஊற்றினாள். உமாசுதன் குனிந்து சாப்பிட்டான். கெட்டிக்காரப் பெண். ஆனால் பயத்திலிருந்து கதைக்கிறவர்களோடு வாதாடி வெல்ல முடியாது.

இந்த வருஷம் கொழும்பில் நடந்த துப்பாக்கிச் சூடுகள் உங்களுக்குத் தெரியும். எல்லாம் பாதாளக் கோஷ்டிகளின் வேலை. களவாக வந்த ஆயுதங்கள். பழி என்னவோ எங்கள் தலையில்தான். விளையாட்டுக்கென்று பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாமா, வைத்திருந்தாலும் வீட்டில் வைக்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். கழகங்களின் சார்பில் சாட்சியம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் இருந்த ஒரே பலம், எங்கள் கழகத்து உறுப்பினர் ஒருவருடைய துப்பாக்கியாலும் இதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை என்பது.

அந்த நாட்களில்தான் உமாசுதன் என் கிளினிக்குக்கு வந்தான். பல் வருத்தம் என்று நினைத்துக் கதிரையில் இருத்தினேன். அவன் வாயைத் திறக்காமல் மடியில் இருந்த பையைக் காட்டினான்.

"டொக்டர், இதைக் கொஞ்ச நாளைக்குக் கழகத்தில வச்சுப் பூட்டிவிடுங்கோ. வீட்டில வச்சிருக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

"கள்ளர் பயமோ?"

"இல்லை. என்னை நினைச்சுத்தான்."

வேலை போய்விட்டதாம். உஷாந்திக்கு இன்னும் சொல்லவில்லையாம். ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குப் போகிறவன் போலச் சேட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டு, அவள் தன் வங்கி வேலைக்குப் போனபிறகு திரும்பி வந்து வீட்டில் இருக்கிறானாம். நித்திரை இல்லையாம். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் போல வருகிறதாம்.

நான் அவனைக் கைவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிறைய நேரம் கதைத்தேன். ஆனால் கழகத்து ஆயுதக் களஞ்சியத்தில் ஒரு பிஸ்டலை ஏற்பதென்றால் காரணம் சொல்லவேண்டும். உறுப்பினருக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை என்பதுதான் காரணம் என்றால், குழு கேட்க நினைத்த கேள்விக்கு நாங்களே பதில் எழுதிக் கொடுத்தது போலாகும். இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. சாட்சியம் முடியட்டும், பிறகு ஒரு வழி பார்க்கலாம் என்று இருந்தேன். "நீ ஒரு ஸ்போர்ட்ஸ்மன். உன்னால ஏலும்," என்று தோளில் தட்டினேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். வாசலில் திரும்பி, தாங்ஸ் டொக்டர் என்றான்.

சாட்சியத்துக்கு முதல்நாள் மதியம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. "ஒருக்கா வாங்கோ, டொக்டர்." அவ்வளவுதான். குரல் சரியில்லை. நான் காத்திருந்த நோயாளிகளை அனுப்பிவிட்டு உடனே போனேன். இதைக் கவனத்தில் எடுங்கள். உடனே போனேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. அறையில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே கிடந்தான். தன்னைத் தானே சுட்டிருந்தான். பிஸ்டல் பக்கத்தில் கிடந்தது.

நான் முதலில் பிஸ்டலைத்தான் எடுத்தேன். அது எங்கள் ஒழுக்கம். சுடுகளத்தில் என்ன நடந்தாலும் முதலில் ஆயுதத்தைப் பாதுகாப்பாக்க வேண்டும். மகசினைக் கழற்றி, உள்ளே ரவை இல்லை என்று பார்த்துவிட்டு என் பையில் வைத்தேன். வெடித்த ரவையின் வெற்றுக் கோதையும் தேடி எடுத்தேன். பிறகு அலுமாரி லாச்சிகளை இழுத்து, உஷாந்தியின் உடுப்புகளைக் கொஞ்சம் கலைத்துவிட்டேன். ஒரு நகைப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து போட்டேனே தவிர ஒன்றும் எடுக்கவில்லை. நான் கள்ளன் இல்லை.

அதன் பிறகு பொலிஸுக்கு அறிவித்தேன். பிஸ்டலைப் பற்றிக் கேட்டார்கள். அவன் ஒழுங்கான உறுப்பினர், முன்கூட்டியே களஞ்சியத்தில் ஒப்படைத்துவிட்டான் என்றேன். களஞ்சியப் பூட்டின் திறப்பு என்னிடம்தானே. அவர்கள் கழகத்துக்கு வந்து பார்த்தபோது அது துடைத்து எண்ணெய் பூசி உரிய இடத்தில் இருந்தது. ரவை எலும்பில் பட்டுச் சிதைந்துபோயிருந்ததால் எந்தத் துப்பாக்கி என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சாட்சியத்தைப் பின்போடலாம் என்று குழுவில் சொன்னார்கள். நான் மறுத்தேன். உமாசுதனைப் பற்றித்தான் கதைத்தேன். சட்டத்தை மதித்து ஆயுதத்தைக் கழகத்தில் வைத்த ஒரு பிள்ளை, வீட்டுக்குள் கொலைகாரன் வந்தபோது வெறுங்கையோடு நின்றான் என்றேன். அந்தப் பிஸ்டல் அன்று வீட்டில் இருந்திருந்தால் அவன் இன்று உயிரோடு இருந்திருப்பான் என்றேன். அங்கே இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பொய்யான உணர்ச்சியோடு சொல்லவில்லை.

பொரளையில் தகனத்தின்போது உஷாந்தி என் கையைப் பிடித்தாள். "அதை உங்களிட்டக் குடுத்திட்டார் எண்டு அவர் எனக்குச் சொல்லவே இல்லை, டொக்டர். நான் அதைப் பற்றி எவ்வளவு சண்டை பிடிச்சனான்," என்று அழுதாள். எனக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. தற்கொலை செய்தவனின் மனைவி என்ற பெயர் அவளுக்கு வராமல் காப்பாற்றியிருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வாழ்நாள் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும் வேதனையும் அவளுக்கு இல்லை.

அழகுமுத்து விஷயம் நான் எதிர்பாராதது. அன்று காலையில் அவன் அந்த வீட்டுக் குளியலறைக் குழாய் திருத்த வந்திருந்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? படியில் அவனைக் கண்டவர்கள் இருந்தார்கள். குழாய் பார்க்கத் தள்ளி வைத்த அலுமாரியில் அவன் கைரேகை இருந்ததாம். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருக்கிற, மலைநாட்டிலிருந்து வந்த கூலி வேலைக்காரன் என்றால் பொலிஸுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? சுட்ட பிஸ்டலை வெள்ளவத்தைக் கால்வாயில் எறிந்தான் என்று சொல்லி ஆட்களை இறக்கித் தேடினார்கள். கிடைக்காத ஒன்றை வைத்து ஒருவனைத் தண்டிக்க மாட்டார்கள், விளக்கமறியலில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வெளியே வருவான் என்றுதான் கணக்குப் போட்டேன். அவனுடைய மனைவி இராமலெட்சுமி நீதிமன்ற வாசலில் குழந்தையோடு நிற்பதை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். பார்த்தேன். இப்போது வந்திருக்கிறேன். வராமல் விட்டிருக்கலாம் அல்லவா.

குழுவின் பரிந்துரை அடுத்த மாதம் வரும். எங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று கேள்வி. அதுவரை பொறுத்து, அழகுமுத்துவுக்கு வேறு வழியில் பிணை எடுக்க முடியுமா என்று உங்களிடம் கேட்க நினைத்தேன். நீங்களும் தமிழ்ப்பிள்ளை. இனி ஒரு தமிழன் போய் லைசன்ஸ் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கு விளங்காதா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கேளுங்கள்.

ஓம். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை நானும் பார்த்தேன். காயத்தில் ஒரு துவாய்த் துணி மடித்து அழுத்தப்பட்டிருக்கிறது, அவன் உயிரோடு இருந்தபோது. செத்தவனுக்கு ஒருவரும் அப்படி மடித்து வைக்க மாட்டார்கள் என்கிறீர்கள். சரி. நான் போனபோது அவன் இறந்துவிட்டான் என்று பொலிஸில் சொன்னது முழுச் சரியில்லை. மூச்சு இருந்தது. கண்ணும் திறந்திருந்தது.

துவாயை மடித்தது நான்தான். லாச்சிகளைக் கலைக்கும்போது அவனுடைய சத்தம் கேட்டது. முனகல். திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டிலில் கிடந்த துவாயை எடுத்து நாலாக மடித்து, முழந்தாளிட்டு இரண்டு கையாலும் அழுத்தினேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு. கொஞ்ச நேரத்தில் இரத்தம் குறைந்தது. நாடி பிடித்துப் பார்த்தேன். மெல்லிசாக, ஆனால் ஒழுங்காக ஓடியது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். அம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஒரு வைத்தியனாகச் சொல்கிறேன், சந்தேகமில்லை.

பிழைத்திருந்தால் கதைத்திருப்பான்.

அவன் என் முகத்தைப் பார்த்து, "நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும், டொக்டர்," என்றான். நான், "கதைக்காதை, ராசா," என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன்.