பினாங்குக்குப் போன முப்பாட்டன்

போடிமெட்டுக்கு ஏறிய ஜீப்பில், எனக்கு முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "எங்க முப்பாட்டன் திருடன்தான்னு உறுதியாயிருச்சுக்கா. இப்பத்தான் நிம்மதி."

"என்னத்தா சொல்ற?"

"மலைக்குப் போனவரு திரும்பல. மேலவீட்டுக்காரக கொன்னு பொதைச்சிட்டாகன்னு, இத்தனை தலைமுறையா அவுக வீட்டுல கை நனைக்காம இருந்தோம். எம்மக அந்த வீட்டுப் பையனைத்தான் கட்டுவேன்னு ஒரே அழுகை. எம்மகன் வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டைத் தேடிப் பாத்தா, திருட்டுக் கேசுல பினாங்குக்குக் கப்பலேத்தியிருக்காக."

"அவருதான்னு எப்படித் தெரியும்?"

"பேரும் ஊரும் சரியா இருக்கு. எங்க வீட்டுல வழிவழியாச் சொல்ற மாதிரியே, இடது காது பாதி இல்லன்னும் எழுதியிருக்கு. தண்டனை முடிஞ்சு அங்கயே மாட்டுவண்டி ஓட்டி, கெழவனாகித்தான் செத்திருக்காரு."

"எதைத் திருடினாராம்?"

கொண்டை ஊசி வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்:

"ரெண்டு மூட்டை ஏலக்காய்."

"யாரோடது?"

"மேலவீட்டுக்காரகளோடதுதான்."

ஜீப்பே சிரித்தது.

"அப்ப அவுகதான ஒங்க வீட்டுல கை நனைக்காம இருந்திருக்கணும்?"

"அதான்க்கா, அவுகளுக்கு ஞாபகம் வர்றதுக்குள்ள வெரசாப் போயி ஒரு வாய் சாப்பிட்டு, கல்யாணத்துக்கு நாளும் குறிச்சிட்டு வந்துர்றேன்."